வீடு தேடி வரும் மர அறுவை யந்திரம்

திருவண்ணாமலை மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையை ஒட்டியுள்ள அடி அண்ணாமலையிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கொல்லையில் ஒரு வேம்போ, புளியோ, பூவரசோ இல்லாத வீடுகள் சொற்பம். நாற்பது ஐம்பது வருஷம் வளர்ந்த இவ்வித மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டால் அதன் பின் நடப்பது யாவரும் அறிந்ததே. மறுநாளே விறகு வியாபாரி வந்து நிற்கிறார். ஏற்றுகூலி, வண்டி வாடகை, துண்டு போடும் கூலி எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு, வைரம் பாய்ந்த அடிமரத்தையும் சுள்ளியையும் ஒரே நிறுவையில் சேர்த்து விறகு விலைக்குக் கேட்கிறார். இடம் காலியானால் போதுமென்று குடியானவரும் கொடுத்துவிடுகிறார். பிறகு அதே குடியானவர் புதிய அறைக்கு ஒரு நிலையும் கதவும் செய்ய வேண்டி மரவாடிக்குப் போய், கன அடி இவ்வளவு என்ற விலையில் மரம் வாங்குகிறார். வாங்கும் மரம், விற்ற மரத்தைவிட உயர்ந்ததாயிருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

இந்த நஷ்டத்திற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. சுற்றளவு 48 அங்குலம், நீளம் ஏழரை அடி உள்ள பச்சை வேப்பங்கட்டை ஒன்று ஏறக்குறைய கால் டன் கனக்கும். அதைக் கொல்லையிலிருந்து சந்து வழியாய்த் தெருவுக்குக் கொண்டுவந்து, வண்டியேற்றி, மில்லில் இறக்கி, முறை வரும்வரை காத்திருந்து, அறுத்த பலகையைத் திரும்பக் கொண்டுவருவது ஒரு மரம் மட்டுமே உடையவருக்குக் கட்டுப்படியாகாது. மரம் மில்லுக்குப் போக முடியாவிட்டால் மில் மரத்திடம் வரவேண்டும். அவ்வாறு வரும் யந்திரமே இக்கட்டுரையின் விஷயம்.

வீடு தேடி வந்து மரம் அறுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பவர் மில்கள் பரவுவதற்கு முன் அறுப்புக்காரர்கள் ஜோடியாய் ஊர் ஊராய் வந்தனர். கட்டையைக் குழியின் மேலோ சாரத்தின் மேலோ கிடத்தி, நூலில் கரி தோய்த்துக் கோடு அடித்து, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் கீழே நின்றும் நீண்ட வாளை இழுத்தனர். மேலே நிற்பவர் கோட்டுக்குப் பொறுப்பாளி. கீழே நிற்பவர் கண்ணிலும் மூக்கிலும் தூளை வாங்கிக்கொண்டு இழுப்பவர். வேலை முடியும்வரை மரத்துக்குடையவர் வீட்டிலேயே அவர்களுக்குச் சாப்பாடு. அந்த முறையில் மரம் அதிகம் வீணாகவில்லை. ஆனால் மனித உடம்பு வீணாயிற்று. அத்தொழிலுக்குப் பிள்ளைகளை அனுப்ப இக்காலத்தில் எவரும் விரும்பாததில் வியப்பில்லை.

யந்திரங்களின் வகை

ஊர் ஊராய்க் கொண்டுசெல்லத்தக்க அறுவை யந்திரங்கள் மூன்று விதமாயிருக்கின்றன. முதலாவது, மரம் வெட்டும் சங்கிலி ரம்பத்தையே ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தி, கட்டையின்மேல் ஏணி போன்ற வழிகாட்டி வைத்துத் தள்ளிச் செல்வது. விலை குறைவு, தோளில் சுமந்து எந்தச் சந்துக்குள்ளும் கொண்டுபோகலாம். இரண்டாவது, வட்ட ரம்பத்தைப் படுக்கையாகவும் நிலையாகவும் திருப்பி அறுக்கும் யந்திரம். இதில் கட்டை தரையிலேயே கிடக்க, அதைச் சுற்றிச் சட்டங்கள் நிறுத்தப்படுகின்றன. கட்டையைத் தூக்கிவைக்க முடியாத இடத்துக்கு இது ஏற்றது. மூன்றாவது, நாடா ரம்பம், அதாவது பேண்ட் சா. இரண்டு சக்கரங்களின்மேல் ஓடும் மெல்லிய எஃகு நாடா, தண்டவாளம் போன்ற படுக்கையில் கிடத்திய கட்டையின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து பலகை எடுக்கிறது. முழு யந்திரத்தையும் டிராக்டரிலோ ஜீப்பிலோ கட்டி இழுத்துச் செல்லலாம்.

இம்மூன்றில் எது சிலாக்கியமென்பதை வாள் தின்னும் மரத்தைக்கொண்டு தீர்மானிக்கலாம். சங்கிலி ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 3/8 அங்குலம் மரத்தைத் தூளாக்குகிறது. நாடா ரம்பம் ஏறக்குறைய 1/12 அங்குலமே எடுக்கிறது. 12 அங்குலச் சதுரமாய்ச் சீவிய கட்டையில் ஓர் அங்குலப் பலகை எடுப்பதானால், சங்கிலி ரம்பத்தில் 9 பலகையும் நாடா ரம்பத்தில் 11 பலகையும் கிடைக்கும். தேக்கிலும் வேம்பிலும் இரண்டு பலகை என்பது அற்பமல்ல. ஆயினும் நாடா ரம்பம் வருவதற்கு வழியில்லாத கொல்லையில், விறகாய்ப் போகிறதைவிடச் சங்கிலி ரம்பத்தில் ஒன்பது பலகை எடுப்பது மேல்.

மின்சாரத்தில் ஓடும் யந்திரங்களும் உண்டு. ஆனால் ஊர் சுற்றும் வேலைக்குப் பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினே ஏற்றது. கிணற்று மோட்டாருக்கென அளிக்கப்பட்டுள்ள இலவச மின் இணைப்பிலிருந்து இதற்குக் கம்பி இழுப்பது கூடாது. அனுமதித்த காரியத்துக்கன்றி வேறொன்றுக்கு அதை உபயோகித்தால் இணைப்புக்கே அபாயம் நேரும்.

பிற தேசங்களின் அநுபவம்

பப்புவா நியூகினி தேசத்தில் 1980-களில் இவ்வகைச் சிறு யந்திரங்கள் கிராமங்களுக்குள் சென்றன. அவற்றை அந்நாட்டார் தங்கள் பேச்சுமொழியில் ‘வோகபவுட் சோமில்’, அதாவது நடமாடும் அறுவை மில், என்று அழைத்தனர். காட்டு மரங்களை முழுக் கட்டையாகவே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விட்டுவிடாமல், கிராமத்தாரே பலகையாக்கி விற்பதே நோக்கம். சில இடங்களில் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் அப்பலகையைக் கொண்டே எழுந்தன. ஆனால் உதிரிபாகம் கிடைக்காமலும், ரம்பத்துக்குச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் இல்லாமலும், வரவுசெலவுக் கணக்கு வைக்காமலும் பல யந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்தன. யந்திரம் வாங்கப் பணம் சேகரிப்போர் கவனிக்கவேண்டியது இந்தப் பின்பாதியைத்தான். சாணை பிடிப்பவர் இருபது மைலுக்குள் இல்லையானால், நாலாம் நாள் யந்திரம் நின்றுவிடும்.

நம் மாகாணத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் லக்ஷக்கணக்கான தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. விழுந்த மரம் ஒன்றுக்குச் சர்க்கார் அறிவித்த உதவித்தொகை ரூ. 1,100, அதில் ரூ. 500 மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அத்தனை மரத்தையும் அகற்ற ஆளும் யந்திரமும் போதவில்லை. தோப்புகளில் மாதக்கணக்கில் தண்டுகள் கிடந்தன. அழுகும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமென்பதைத் தென்னை பயிரிடுவோர் நன்கறிவர். விழாமல் தப்பிய மரத்துக்கும் புதிதாய் நட்ட கன்றுக்கும் அதனால் வரும் கேடு புயலின் இரண்டாம் அடி என்றே சொல்லத்தக்கது.

தென்னை விறகுக்கே ஆகாதென்று நினைப்பது பாதி உண்மை. தண்டின் வெளிவட்டமும் அடிப்பாகமும் நன்கு கெட்டியானவை. கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேற்பட்ட அடர்த்தியுள்ள இப்பகுதி கைமரத்துக்கும் தூணுக்கும் தகும். நடுப்பாகமும் நுனியும் 400 கிலோவுக்கும் குறைந்து, தக்கைபோல் இருக்கும். அதைக் கட்டிடத்தில் சேர்க்கக்கூடாது. பிலிப்பைன்ஸ் தேசத்தார் முதிர்ந்த தென்னைகளை இவ்விதம் தரம்பிரித்து அறுத்து வீடுகட்டவே உபயோகித்திருக்கிறார்கள். ஆனால் இளமரத்தில் இந்தக் கெட்டிப்பாகம் மிகவும் மெல்லியது. மேலும் தென்னை ரம்பப் பல்லைச் சீக்கிரம் மழுக்குமாதலால் முனையில் கடின உலோகம் பற்றவைத்த பற்கள் வேண்டும்.

திருவண்ணாமலைக்கும் புயல் தூரமல்ல. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையால், டிசம்பர் 1-ந் தேதி மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் மாண்டன. அடிவாரத்தில் வேர்பிடித்த மரங்களின் அருமையை அச்சம்பவம் உணர்த்தியிருக்கவேண்டும். ஆதலால் இங்கே சொல்லப்படுவது விழுந்த மரத்தையும், முதிர்ந்து உள்ளே பொந்து விழத் தொடங்கிய மரத்தையும், வரப்பில் பலகைக்கென்றே வளர்த்த மரத்தையும் பற்றியதே. யந்திரம் ஊருக்கு வந்திருக்கிறதென்று நிற்கும் மரத்தைத் தேடிப் போவது புத்தியல்ல.

முதலில் கேட்கவேண்டிய அனுமதி

யந்திரத்தை வாங்குமுன்னும், அழைக்குமுன்னும், வனச்சரக ஆபீஸுக்கு ஒருமுறை போய்வருவது அவசியம். இதை அலக்ஷியம் செய்தவர்கள் யந்திரத்தையும் மரத்தையும் ஒருங்கே இழக்க நேரும்.

நீலகிரி ஜில்லா கூடலூர்க் காடுகள் அழிவதைக் குறித்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 12-ந் தேதி இட்ட உத்தரவு, தேசமெங்குமுள்ள மர அறுவைத் தொழிலையே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதன் பின் மர அறுவை மில் வைப்பதென்பது லைசென்ஸுக்குரிய காரியமாயிற்று. 2016-ல் மத்திய சர்க்கார் மரம் சார்ந்த தொழில்களுக்கென வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. காட்டெல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் லைசென்ஸ் விஷயத்தில் பார்க்கப்படுகிறது. அண்ணாமலையின் சரிவுகள் காப்புக்காடாதலால், அடி அண்ணாமலைவாசிகளுக்கு இது ஏட்டுச் சட்டமன்று. கொல்லைக்குப் பின்னாலேயே நிற்கும் எல்லை. சக்கரத்தின்மேல் இருப்பதால் மட்டும் யந்திரம் விதிக்குப் புறம்பாகிவிடும் என்று வியாபாரிகள் சொல்வதை நம்பவேண்டாம். தன் கிராமத்துக்கு, தன் யந்திரத்துக்கு என்ன விதி என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதே ஜாக்கிரதை.

மரத்தைப் பற்றிய விதிகள் வேறு. சந்தனமரம் பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் 2002-க்கு முன் நிலத்துக்குடையவருக்குச் சொந்தமாயிருக்கவில்லை. அவ்வருஷம் சட்டம் திருத்தப்பட்டபின் உரிமை அவருக்கு வந்தது. எனினும் வனத்துறை மூலமாகவே அதை வெட்டவும் விற்கவும் கூடும். செம்மரத்தை அனுமதியின்றித் தொடவே கூடாது. 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்களென்று சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களின் ஏழைக் கூலிகள் என்பதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். பனையை வெட்ட ஜில்லா கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. மற்ற மரங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கு 1968-ம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. அவற்றில் சில ஜாதி மரங்களுக்கு விலக்கு உண்டு. இந்த விலக்குப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறுவதால் நினைவை நம்பாமல் விசாரித்துக்கொள்வது நலம். தன் கொல்லை மரத்தைத் தன் கொல்லையிலேயே அறுத்துத் தன் வீட்டிலேயே உபயோகிப்பவருக்கு வழிநடைத் தொல்லை இல்லை என்பது வீட்டுக்கு வரும் யந்திரத்தின் ஒரு சௌகரியம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் வேலை உண்டு. சாய்ந்த மரம் பட்டாவில் நின்றதா, புறம்போக்கில் நின்றதா என்ற கேள்வி அடிக்கடி எழும். புறம்போக்கு மரத்துக்கு 2சி பட்டா பெற்றவர் காய் கனி அநுபவிக்க உரியவரேயன்றி, மரத்தைப் பலகையாக்க உரியவரல்லர். கிரிவலப் பாதையோரத்து மரங்களும் அப்படியே. அவை எவர் வீட்டு வாசலுக்கு நேரே நின்றாலும் அவருடையன அல்ல. மரம் விழுந்த அன்றே இடத்தைப் பார்வையிட்டுச் சர்வே நம்பரோடு குறித்துவைத்தால், பின்னால் வரும் மொட்டைப் பெட்டிஷன்களில் பெரும்பகுதி இல்லாமற்போகும்.

கட்டையை அளப்பது

கட்டையின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 144-ஆல் வகுத்து, நீளத்தின் அடியால் பெருக்கினால் வருவது வியாபாரக் கன அடி. சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. ஆனால் உருளையின் உண்மைக் கன அளவு 12.73 அடி. வித்தியாசம் ஏமாற்றன்று, சீவலுக்கும் தூளுக்கும் முன்னதாகவே கழித்துவிட்ட கணக்கு அது. ஆயினும் அறுப்புக் கூலி பேசும்போது எந்தக் கணக்கில் பேசுகிறோம், கட்டையின் அளவுக்கா, எடுத்த பலகையின் அளவுக்கா என்று தெளிவாய்ச் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேலை முடிந்ததும் வழக்கு வரும்.

வேப்பங்கட்டை ஒன்றின் சிறிய முனையில் சுற்றளவு 48 அங்குலம், நீளம் ஏழரை அடி என்று கொள்வோம். குறுக்களவு சுமார் 15¼ அங்குலம். அதற்குள் 10¾ அங்குலச் சதுரம் அடங்கும். நாடா ரம்பத்தில் இதிலிருந்து 5 அங்குலத்துக்கு 3 அங்குலமாக ஆறு சட்டம் எடுக்கலாம். ஏழடி உயரம், மூன்றரை அடி அகலமுள்ள நிலை ஒன்றுக்கு இவற்றில் மூன்று போதும். இரண்டு கால்கள், மூன்றாவதைப் பாதியாக்கினால் மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள். நடுவரிசையில் வரும் இரண்டு சட்டமும் மரத்தின் நடுக்குருத்தை ஒட்டியவை. அவை உலரும்போது வெடிக்கும். அவற்றை வேறு காரியத்துக்கு ஒதுக்கினாலும் ஒரு கட்டையில் ஒரு முழு நிலையும் ஒரு சட்டம் மிச்சமும் உண்டு. இவ்வளவும், வைரம் எதுவரை பாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளியே வெளுத்த மரம் அகலமாயிருந்தால் மூலைகளைப் பூச்சி தின்னும்.

ஆகையால் துண்டு போடும்போதே தேவையை முடிவு செய்யவேண்டும். விறகு வெட்டுகிறவர் பழக்கத்தில் ஐந்தடி ஐந்தடியாய் வெட்டித் தள்ளிவிட்டால் அதில் ஏழடி நிலைக்கால் எங்கிருந்து வரும்? ஆசாரியை மரத்தருகில் அழைத்துவந்து காட்டி, ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று நாலு அங்குலம் கூட்டி வெட்டுவது சரியான முறை.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

வீட்டு மரத்தை அறுப்பவருக்கு உள்ள பெரும் பகை காட்டு மரத்தில் இல்லாத ஒன்று. ஆணி. கொல்லை வேம்பில் தூளி கட்டிய கொக்கி, கொடிக்கயிற்றுக் கம்பி, மாட்டுச் சங்கிலி வளையம், வேலியின் முள்கம்பி, தேர்தல் தட்டி அடித்த ஆணி எல்லாம் புதைந்திருக்கும். புளியிலும் வேம்பிலும் பேயோட்டும் பூசாரிகள் மயிர்க்கற்றையோடு அடித்த ஆணி வேறு. மரம் வளர வளர அவற்றை விழுங்கி மேலே பட்டை மூடிவிடும். இருபது வருஷத்துக்கு முன் அடித்த ஆணி இன்று நாலு அங்குலம் உள்ளே இருக்கக்கூடும். நாடா ரம்பம் அதில் மோதினால் பல் போகும். சில வேளை நாடாவே அறுந்து தெறிக்கும்.

கட்டையின் முனையில் கறுநீல நிறமாய்க் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு உண்டென்று கொள்ளலாம். கருவேல், புளி முதலிய துவர்ப்புள்ள மரங்களில் இக்கறை தெளிவாய்த் தெரியும். விலை குறைந்த உலோகங்காட்டும் கருவி ஒன்றை யந்திரக்காரர் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஆழத்திலுள்ள ஆணியை அது எப்போதும் காட்டிவிடாது. வீட்டில் வயதானவரைக் கேட்பது அதைவிடப் பலன் தரும். ஊஞ்சல் எந்தப் பக்கம் தொங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும். அடிமரத்தில் தரையிலிருந்து ஆறடிக்குள்தான் பெரும்பாலும் இரும்பு இருக்கும். துரதிருஷ்டவசமாய் வைரம் மிகுந்த பாகமும் அதுவே.

இரும்பில் கெட்ட ரம்பத்துக்கு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளவேண்டும். மற்ற தேசங்களில் மரத்துக்குடையவரே ரம்பத்தின் விலையைக் கொடுப்பது வழக்கம், அதுவே நியாயமும்கூட. உடையவர் ஆணி இருக்கும் இடத்தைச் சொல்லியும் யந்திரக்காரர் அவசரப்பட்டு ஓட்டினால் மட்டும் பொறுப்பு மாறும்.

இடம், ஆள், கூலி

யந்திரம் நிற்க முப்பதடிக்குப் பதினைந்தடி சமதரை வேண்டும். பத்தடி அகல வழி இருந்தால் டிராக்டரோடு உள்ளே வரும். வைக்கோற்போருக்கு அருகில் எஞ்சினை ஓட்டுவது கூடாது. கட்டைகளைச் சேற்றில் இழுத்தால் பட்டையில் ஒட்டிய மணலும் கல்லும் ரம்பத்தைக் கெடுக்கும். உருளைகளின்மேல் தள்ளிவந்து, பட்டையை உரித்து அல்லது கழுவி வைக்கவேண்டும். யந்திரத்தோடு வருகிற இருவர் போக, கட்டை உருட்டவும் பலகை வாங்கி அடுக்கவும் மூன்று பேரை உடையவர் கொடுத்தால் வேலை தடையின்றி ஓடும். கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களில் பௌர்ணமியையும் அதன் முன்பின் நாட்களையும், கார்த்திகைத் தீபக் காலத்தையும் விலக்கி நாள் குறிக்கவேண்டும். அந்நாட்களில் வண்டியே ஊருக்குள் வராது.

யந்திரம் ஓடும்போது குழந்தைகளைக் கொல்லைப்புறமே விடக்கூடாது. இது சொல்ல வேண்டாத விஷயமாய்த் தோன்றும். ஆனால் புது யந்திரம் வந்தால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். வேட்டியும், தோளில் தொங்கும் துண்டும், புடவைத் தலைப்பும் சுழலும் எதற்கும் அருகில் போகலாகாது. நாடா ஓடும் நேர்க்கோட்டில் எவரும் நிற்கக்கூடாது. காதடைப்பும் கண்ணாடியும் ஓட்டுகிறவருக்குக் கட்டாயம். வாகை மரத்தின் தூள் மூக்கில் ஏறினால் ஓயாத தும்மல் வரும். அதை அறுக்கும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளவேண்டும்.

கூலி மணிக்கணக்கிலும் பேசலாம், கன அடிக்கணக்கிலும் பேசலாம், பலகையில் பங்காகவும் பேசலாம். மாமரம் ரம்பத்துக்கு வெண்ணெய். முதிர்ந்த புளி கல். கன அடிக்கு ஒரே கூலி என்றால் புளிக்கு யந்திரக்காரர் நஷ்டப்படுவார், மாவுக்கு உடையவர் நஷ்டப்படுவார். ஆகையால் மணிக்கணக்கே இருவருக்கும் நியாயமென்று தோன்றுகிறது. ஆனால் ரம்பம் மாற்றும் நேரமும் யந்திரம் பழுதான நேரமும் கணக்கில் சேராதென்று சொல்லிக்கொள்ளவேண்டும். பங்கு முறையில், கையில் பணமில்லாதவரும் தன் மரத்தைப் பலகையாக்கிக்கொள்ளலாம். நல்ல பலகையெல்லாம் யந்திரக்காரர் பங்கில் போய்விடாமல், அடுக்கியபின் ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பது வழக்கமாயிருந்தால் சச்சரவில்லை.

யந்திரக்காரர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஊரில் ஒரு மரம் என்று சுற்றினால் லாபமெல்லாம் டீசலில் போகும். ஒரு கிராமத்தில் ஐந்தாறு பேர் கட்டைகளைத் தயாராய்ச் சேர்த்துவைத்து ஒரே சமயத்தில் அழைத்தால் இருவருக்கும் மலிவு. ரம்பம் சுத்தமான மரத்திலேயே சில மணி நேரத்தில் மழுங்குமாதலால், தீட்டிய நாடாக்கள் பல கையில் இருந்தாலன்றி நாள் முழுதும் வேலை நடவாது. தனியாள் முதல் போடுவதைவிட, டிராக்டர் வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்களைப்போல் உழவர்கள் கூடிச் செய்தால் இது நிலைக்கும்.

அறுத்தபின்

அறுத்த அன்றே பலகையை நிலையாய் இழைத்துப் பூட்டினால் ஆறு மாதத்தில் கதவு அடைபடாது. உலர்த்துவது அறுப்பதைவிட முக்கியமான காரியம், அதுவே அநேகமாய்க் கைவிடப்படுகிறது. தரையிலிருந்து ஓரடி உயர்த்திய மட்டமான தாங்கிகளின்மேல் பலகைகளை அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓர் அங்குலச் சதுரக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாய், மேலும் கீழும் ஒரே நேராய் வைக்கவேண்டும். குச்சி நேராய் அமையாவிட்டால் பலகை அலைபோல் வளையும். பலகையின் இரு முனைகளுக்கும் பெயிண்டோ மெழுகோ பூசினால் முனை வெடிப்பு குறையும். மேலே பாரம் ஏற்றி, வெயிலும் மழையும் படாமல் காற்று மட்டும் போகும்படி கொட்டகையில் விடவேண்டும். இந்த ஜில்லாவின் வறண்ட மாதங்களில் ஓர் அங்குலப் பலகை சில மாதங்களில் தயாராகும். மூன்று அங்குல நிலைச் சட்டத்துக்கு ஒரு வருஷம் பொறுப்பது நல்லது.

தேய்பிறையில் வெட்டிய மரத்தைப் பூச்சி அரிக்காதென்ற வழக்கம் நெடுநாளையது. அதைக் கடைப்பிடிப்பதால் நஷ்டமில்லை. ஆனால் தேய்பிறையில் வெட்டியதே போதுமென்று கட்டையை மூன்று மாதம் மழையில் போட்டுவைத்தால் எந்தப் பிறையும் காப்பாற்றாது. மா, புங்கு முதலியவற்றை விழுந்த சில வாரங்களுக்குள் அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் தோய்த்து அடுக்காவிட்டால் நீலப்பூசணமும் துளைக்கும் வண்டும் பலகையைத் தின்றுவிடும். வேம்பு தன் கசப்பால் பெருமட்டும் தப்பும். பூவரசும் நன்கு முதிர்ந்ததானால் நாற்காலி, பெட்டிகளுக்கு ஏற்றது. புளியின் வைரம் சிறிது. பலகையாவதைவிட உலக்கைக்கும் இறைச்சிக் கட்டைக்கும் தகும்.

பட்டையோடு கழியும் சீவல்கள் ஆட்டுப்பட்டிக்கும் வேலிக்கும் போகும். மரத்தூளை மாட்டுக் கொட்டிலில் மூத்திரம் உறிஞ்சப் பரப்பி, சாணத்தோடு சேர்த்துக் குழியில் மக்கவைத்தபின் வயலுக்கு விடலாம். பச்சைத் தூளை அப்படியே நிலக்கடலைக் கொல்லையில் உழுதுவிட்டால், அது மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளுமாதலால் அந்தப் போகத்துப் பயிர் மஞ்சளித்துப்போகும். குழியில் ஆறேழு மாதம் கிடந்து, கையில் பிசைந்தால் மரவாசம் போய் மண்வாசம் வரும்வரை அதைக் கொல்லைக்குக் கொண்டுபோகவேண்டாம்.